பீஸ் ரேட்டா, லைன் இன்சென்டிவா, வருகைப் போனஸா? பின்னலாடை யூனிட்டில் ஊக்கப் பணத்தை எங்கே போடுவது

திருப்பூரில் நூறு, நூற்றைம்பது பேரை வைத்து ஏற்றுமதி ஆர்டர் ஓட்டும் ஒரு யூனிட்டுக்கு வருடத்தில் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வரும். ஆளுக்கு மாதம் ஐந்நூறோ ஆயிரமோ கூடுதலாகக் கொடுக்கத் தயார். அதை எந்தத் தலைப்பில் கொடுப்பது? தைக்கும் பீஸுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்கு மாற்றலாமா, ஒரு அளவுக்கு மேல் தைத்தால் கூடுதல் பணம் என்று எஃபிஷியன்சி இன்சென்டிவ் போடலாமா, லீவு போடாதவருக்குத் தனியாகக் கொடுக்கலாமா, இல்லை தீபாவளிக்குச் சேர்த்துக் கொடுக்கலாமா?

முடிவெடுப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உற்பத்தியைக் கூட்டுவது ஒரு வேலை, ஆளை நிறுத்தி வைப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு நன்றாகப் பலன் தரும் பணம் இரண்டாவதற்குப் பெரும்பாலும் உதவாது. சில சமயம் அதைக் கெடுக்கவும் செய்யும். ஒரே தொகையில் இரண்டையும் முடிக்கப் பார்க்கும் யூனிட்டுகள்தான் ஆறு மாதத்தில் "இன்சென்டிவ் எல்லாம் நமக்குச் சரிவராது" என்று கைவிடுகின்றன.

முதலில் கணக்கு

ஆள் போவதால் ஆகும் செலவைப் பலர் கணக்கிடுவதே இல்லை. ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். ஒரு டெய்லருக்கு நாள் ஒன்றுக்கு நிறுவனச் செலவு ரூ.600 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர் முதல் ஆறு வாரம் சராசரியாகப் பாதி உற்பத்திதான் தருவார். 36 வேலை நாளில் பாதி என்றால் ரூ.10,800 அங்கேயே போய்விட்டது. அழைத்து வந்தவருக்குக் கொடுத்தது, அவர் தைத்ததில் திருத்தத்துக்குத் திரும்பி வந்த ஆல்டர் பீஸ், பக்கத்து மெஷின்காரர் அவருக்காகக் காத்திருந்த நேரம் எல்லாம் இதற்கு மேல்.

நூறு பேர் உள்ள யூனிட்டில் ஆளுக்கு மாதம் ரூ.500 இன்சென்டிவ் கொடுத்தால் வருடத்துக்கு ஆறு லட்சம். ஆள் போவது குறைவதால் மட்டுமே இந்தப் பணம் திரும்ப வர வேண்டுமென்றால், வருடத்தில் 56 பேர் குறைவாக வெளியேற வேண்டும். அது லேசில் நடக்காது. ஆகவே ஊக்கத்தொகைக்கான பணம் உற்பத்தியிலிருந்து வர வேண்டும். ஆளை நிறுத்துவதற்கான செலவைத் தனி வரவுசெலவாக வைக்க வேண்டும். அது பெரும்பாலும் தொகையில் சிறியதாகவே இருக்கும்.

இன்னொன்று. "மாதம் எட்டு சதவீதம் பேர் போகிறார்கள்" என்ற எண்ணால் ஒரு முடிவும் எடுக்க முடியாது. போனவர்களை மூன்றாகப் பிரியுங்கள்: சேர்ந்து 90 நாளுக்குள் போனவர்கள், 90 நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போனவர்கள், அதற்கு மேல் இருந்துவிட்டுப் போனவர்கள். முதல் கூட்டம் பெரிதாக இருந்தால் எந்த இன்சென்டிவும் அவர்களைத் தொடாது. ஏனென்றால் இன்சென்டிவ் வாங்கும் வேகம் வருவதற்கு முன்பே அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே கோளாறு ஆள் எடுக்கும் விதத்திலோ, முதல் இரண்டு வாரப் பயிற்சியிலோ, லைன் சூப்பர்வைசரிடமோ இருக்கும் (வரிசையாக உட்கார்ந்து ஒரே ஆடையைப் பங்கு போட்டுத் தைக்கும் குழுதான் லைன்). மூன்றாவது கூட்டம் பெரிதாக இருந்தால் பக்கத்து கம்பெனியின் ஷிப்ட் சம்பளம் உங்களுடையதைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது அடிப்படைச் சம்பளத்தைத்தான் தொட வேண்டும்.

பீஸ் ரேட்

வேகத்துக்கு இதைவிடக் கூரான கருவி கிடையாது. அமெரிக்காவில் கார் கண்ணாடி பொருத்தும் சேஃப்லைட் நிறுவனம் 1994–95இல் மணிக்கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியபோது, ஒரு ஆளின் சராசரி உற்பத்தி 44% கூடியது. பொருளாதார நிபுணர் எட்வர்ட் லேசியர் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். அதே ஆள் முன்பைவிட வேகமாக வேலை செய்ததால் வந்தது பாதி அளவுதான். வேகமான ஆட்கள் நின்றதாலும், புதிதாக வேகமான ஆட்கள் தேடி வந்ததாலும்தான் மீதியில் பெரும்பகுதி வந்தது. பீஸ் ரேட் ஆளைத் தூண்டுவதோடு ஆளைப் பொறுக்கவும் செய்கிறது. கைவேகம் உள்ளவர் நிற்பார், மற்றவர் போவார். ஆள் வரத்து நிறைய இருக்கும் ஊரில் அது லாபம். கேட்டில் "டெய்லர் தேவை" போர்டு வருடம் முழுக்கத் தொங்கும் ஊரில் அப்படிச் சொல்ல முடியாது.

சேஃப்லைட்டில் குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவாதம் இருந்தது. பொருத்திய கண்ணாடியில் கோளாறு வந்தால் பொருத்தியவரே திரும்பச் செய்ய வேண்டும். யார் செய்தது என்று தெளிவாகத் தெரியும் வேலை அது. ஆனால் ஒரு டி-ஷர்ட்டைப் பதினைந்து பேர் தைக்கிறார்கள். ஷோல்டர் அட்டாச்சில் அரை இஞ்ச் இழுத்துத் தைத்தது நெக் ரிப் வைக்கும்போதுதான் தெரியும். திட்டு வாங்குவது நெக் வைத்தவர்.

பீஸ் ரேட் ஓடும் ஹாலில் காலை ஒன்பது மணிக்கு மெஷினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சில டெய்லர்களின் காலடியில் வெட்டிய துணிப் பாகங்களில் இரண்டு மூன்று கட்டு ஒதுக்கி வைத்திருக்கும். அவை லேசான சைஸ், லேசான கலர். வெள்ளைத் துணிக்கு நூல் மாற்ற வேண்டாம், எல் சைஸ் பிடிக்க வசதி. கறுப்புத் துணி, சின்ன சைஸ் கட்டுகள் மேஜை மேலேயே கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். சாயங்காலம் பேக்கிங் பகுதியில் எல் சைஸ் குவிந்திருக்கும், எஸ் சைஸ் இருக்காது, பெட்டி மூட முடியாது. லைனில் பீஸ் எண்ணிக்கை ஏறியிருக்கும், ஷிப்மென்ட் நகராது. கட்டை வரிசை எண்படிதான் எடுக்க வேண்டும் என்று விதி வைத்து, கட்டுச் சீட்டில் நேரம் குறித்தால் இது பெருமளவு அடங்கும். அதற்கு ஒரு ஆள் தேவை, அந்த ஆளின் சம்பளமும் பீஸ் ரேட்டின் செலவில் சேரும்.

பீஸ் ரேட் என்றாலும் நாள் வருமானம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது, மிகைநேரத்துக்கு இரட்டிப்பு உண்டு என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

எங்கே பொருந்தும்? ஒரே ஸ்டைல் இரண்டு மூன்று மாதம் ஓடும் உள்நாட்டு ஜட்டி, பனியன் வேலையிலும் பவர் டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்) வேலையிலும் பொருந்தும். வாரம் இரண்டு ஸ்டைல் மாறும் ஏற்றுமதி லைனில் பொருந்தாது. ஸ்டைல் மாறும் ஒவ்வொரு முறையும் ரேட் பேச வேண்டும். அந்தப் பேச்சில் காலை இரண்டு மணி நேரம் போகும், மனக்கசப்பு மிஞ்சும்.

தனியாள் இன்சென்டிவும் லைன் இன்சென்டிவும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டிலும் ஷிப்ட் சம்பளம் அப்படியே இருக்கும், ஒரு அளவுக்கு மேல் செய்தால் கூடுதல் பணம். தனியாள் முறையில் சட்டைக் கையைப் பொருத்துபவருக்கு எஸ்.எம்.வி. (ஒரு பீஸில் அந்த வேலைக்கு ஆக வேண்டிய நிர்ணய நிமிடம்) அரை நிமிடம் என்றால் 480 நிமிடத்தில் நூறு சதவீதம் 960 பீஸ். 65 சதவீதத்துக்கு மேல் பணம் என்று வைத்தால் 624ஐத் தாண்டிய ஒவ்வொரு பீஸுக்கும் காசு. லைன் முறையில் கடைசி மெஷினைத் தாண்டி, செக்கிங்கில் பாஸ் ஆன பீஸை மட்டும் எண்ணி மொத்த லைனுக்கும் பங்கு.

இந்தத் தொழிலிலேயே செய்து பார்த்த ஆதாரம் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் நாபாவில் கோரெட் என்ற ஆடை ஆலை 1995–97 காலத்தில் தனியாள் பீஸ் ரேட்டிலிருந்து குழு முறைக்கு மாறியது. உற்பத்தித்திறன் சராசரியாக 14% கூடியது. ஆரம்பத்தில் விருப்பப்பட்டவர் மட்டும் சேரலாம் என்று வைத்தார்கள். வேகமான டெய்லர்கள் வரமாட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள், அவர்கள் வருமானம் குறையுமே! ஆனால் முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் வேகமானவர்களே அதிகம். நாள் முழுக்க ஒரே தையல் ஓட்டுவதைவிட, நாலு பேரோடு வேலையைப் பங்கு போட்டுச் செய்வதை அவர்களில் பலர் விரும்பினார்கள். வேகமாக இருந்தவர் மெதுவானவருக்குச் சொல்லியும் கொடுத்தார். பீஸ் ரேட்டில் பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் தன் காசுதான் போகும்.

அந்தக் குழுக்கள் சிறியவை, ஆறேழு பேர் கொண்டவை. இருபத்தைந்து பேர் லைனில் அந்த உறவு அப்படியே வராது. லைனைப் பாகமாகப் பிரித்து உடல் பாகம், கை, நெக், அடிமடி என்று கணக்கு வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு எல்லையிலும் எண்ணிக்கை எடுக்க வேண்டியிருக்கும். எங்கள் முடிவு: முப்பது பேருக்கு உட்பட்ட லைன் என்றால் முழு லைன் கணக்கு, அதற்கு மேல் என்றால் இரண்டாகப் பிரிப்பது.

பணக் கணக்கு இப்படிப் போகும். இருபது டெய்லர், 480 நிமிடம், மொத்தம் 9,600 நிமிடம். பீஸின் எஸ்.எம்.வி. ஆறு நிமிடம் என்றால் நூறு சதவீதம் 1,600 பீஸ். இப்போது 50 சதவீதத்தில் 800 ஓடுகிறது. டெய்லர் செலவு நாளுக்கு ரூ.12,000, பீஸுக்கு ரூ.15. லைன் 60 சதவீதத்துக்கு ஏறி 960 பீஸ் போனால் பீஸுக்கு ரூ.12.50. மிச்சம் பீஸுக்கு இரண்டரை, நாளுக்கு ரூ.2,400. இதில் பாதியைத் தொழிலாளிக்கு விடுங்கள். ரூ.1,200ஐ இருபது டெய்லருக்கு முழுப் பங்கும், ஐந்து கைமடிக்கு (டெய்லருக்கு உதவும் ஆள்) அரைப் பங்குமாகப் பிரித்தால் டெய்லருக்கு நாளுக்கு ஏறக்குறைய ரூ.53, கைமடிக்கு ரூ.27. மாதம் 26 நாளுக்கு டெய்லர் கையில் ரூ.1,380 சொச்சம். வாடகை, கரண்ட், மேற்பார்வைச் செலவு அதிகப் பீஸில் பரவுவதால் வரும் லாபம் முழுக்க உங்களுக்கு.

கைமடியை விடக் கூடாது. பல யூனிட்டுகள் அங்கேதான் கோட்டை விடுகின்றன. கட்டு அவிழ்த்துக் கொடுப்பவர், நூல் வெட்டுபவர் இல்லாமல் டெய்லர் வேகம் எங்கே இருந்து வரும்? லைன் மெக்கானிக்குக்கும் ஒரு பங்கு வையுங்கள். ஊசி உடைந்தால் அவர் எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்பது அடுத்த வாரமே மாறும்.

அடுத்த சிக்கல் சும்மா நின்ற நேரம். கட்டிங்கிலிருந்து பாகம் வர 45 நிமிடம் தாமதம் என்றால் இருபது பேருக்கு 900 நிமிடம் போய்விட்டது. 800 பீஸ் தைத்தார்கள், 4,800 நிமிட வேலை. 9,600இல் வகுத்தால் 50%. 900ஐக் கழித்து 8,700இல் வகுத்தால் 55%க்கு மேல். இன்சென்டிவ் 53%இல் தொடங்கினால் ஒரு கணக்கில் பணம் உண்டு, இன்னொரு கணக்கில் இல்லை. தன் தவறே இல்லாமல் பணம் போனால் டெய்லர் அந்தத் திட்டத்தை அன்றோடு நம்ப மாட்டார். சும்மா நின்ற நேரத்தை சூப்பர்வைசரும் டெய்லர் ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் குறிக்க வேண்டும். காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை வைத்துப் பார்த்தால் உங்கள் எஃபிஷியன்சி பிரச்சினையில் எவ்வளவு டெய்லர் கையில், எவ்வளவு கட்டிங்கிலும் டையிங்கிலும் என்று தெரிந்துவிடும். சில யூனிட்டுகள் அந்தத் தாளைப் பார்த்தபின் இன்சென்டிவ் யோசனையையே தள்ளிப்போட்டுவிட்டு, கட்டிங்கை இரண்டு நாள் முன்னதாக ஓட்டத் தொடங்கும். அதுவும் சரியான முடிவுதான்.

ஸ்டைல் மாறிய முதல் நாள் லைன் முப்பது சதவீதத்துக்கு விழும், நாலைந்து நாளில் ஏறும். தொடக்க அளவை எல்லா நாளுக்கும் ஒன்றாக வைத்தால் சின்ன ஆர்டர் கிடைத்த லைன் பணமே பார்க்காது. முதல் நாள் 30, இரண்டாம் நாள் 40, மூன்றாம் நாள் 48, அதன்பின் 53 என்று ஏணி வையுங்கள். எண்களை உங்கள் பழைய ரிப்போர்ட்டிலிருந்து எடுங்கள், யார் சொல்லியும் எடுக்க வேண்டாம்.

தரத்துக்குத் தனி அபராதம் வேண்டாம். நூறு பீஸுக்கு இத்தனை குறைக்கு மேல் போனால் அன்றைய இன்சென்டிவ் பாதி, இன்னொரு எல்லையைத் தாண்டினால் இல்லை என்று போதும். ஆல்டர் பீஸ் சரியாகி வந்த நாளில்தான் எண்ணிக்கையில் சேரும். சம்பளத்தில் பிடிக்கும் அபராதத்துக்குச் சட்டத்தில் ஊதியத்தின் 3% என்ற வரம்பு இருக்கிறது. அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு ஆறாம் மாதம் தொடக்க அளவை 53இலிருந்து 60க்கு ஏற்றுவதுதான் இந்தத் திட்டங்கள் வழக்கமாகச் சாகும் இடம். லைன் நன்றாக ஓடுகிறது, பணம் நிறையப் போகிறது, முதலாளிக்குக் கண் உறுத்துகிறது. ஏற்றிய மறுவாரம் டெய்லர்கள் கணக்கைப் புரிந்துகொள்வார்கள்: வேகமாகத் தைத்தால் அளவு ஏறும். அதன்பின் அளவுக்கு இரண்டு பீஸ் மேலே மட்டும் ஓடும், அதற்கு மேல் கை வேண்டுமென்றே மெதுவாகும். மெஷினோ முறையோ மாறினால் மட்டும் எஸ்.எம்.வி. மாறும், மற்றபடி ஒரு வருடத்துக்குத் தொடமாட்டோம் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். மேல்வரம்பும் வைக்காதீர்கள்.

வருகைப் போனஸ்

26 நாளும் வந்தால் ரூ.750, ஒரு நாள் லீவு போட்டாலும் இல்லை. திருப்பூரில் மட்டுமல்ல, எங்கும் இதுதான் வழக்கமான வடிவம். ஏழாம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் போனவருக்கு மீதி இருபது நாளும் வருவதற்கு இந்தத் திட்டத்தில் ஒரு காரணமும் இல்லை. எப்படியும் போச்சு என்று இன்னும் இரண்டு லீவு போடுவார்.

அமெரிக்காவில் ஐந்து ஆலை வைத்திருந்த ஒரு தொழில்முறை சலவை நிறுவனத்தில், ஓர் ஆலையில் மட்டும் முழு வருகைக்குப் பரிசு வைத்தார்கள். ஆய்வாளர்கள் மற்ற நான்கோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆலையின் உற்பத்தித்திறன் 1.4% விழுந்திருந்தது. பரிசு இல்லாமலே ஒழுங்காக வந்துகொண்டிருந்த நல்ல ஆட்களின் உற்பத்திதான் அதிகம் விழுந்தது, 6 முதல் 8 சதவீதம் வரை. தாங்கள் சும்மா செய்துகொண்டிருந்ததை மற்றவர் செய்தால் பரிசு என்பது அவர்களுக்கு உறைத்தது. பரிசு எட்டாது என்று தெரிந்ததும் மற்றவர்கள் பழையபடி தாமதமாக வந்தார்கள்.

இதனால் வருகைப் பணமே கூடாது என்று சொல்லவில்லை. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் என்பதால் அதை வாரக் கணக்காக்குங்கள். ஆறு நாளும் வந்தால் ரூ.150, ஐந்து நாள் வந்தால் ரூ.75. ஒரு லீவு ஒரு வாரத்தோடு முடிந்துவிடும். முன்கூட்டிச் சொல்லி எடுத்த லீவை வந்த நாளாகவே எண்ணுங்கள். லைன் போடுவதற்கு உங்களுக்குத் தேவை முதல் நாள் மாலை ஒரு சொல்தான். அதற்குக் காசு கொடுத்தால் அது கிடைக்கும்.

கணக்குப் பிரிவுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிடைக்கும் படியைத் தனித் தலைப்பில் காட்டி பி.எஃப். பிடிக்காமல் விட்டால் பின்னால் மாட்டும். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியதும் ஊதியமாகவே எண்ணப்படும். தலைப்பை மாற்றி மிச்சம் பிடிக்கும் யோசனையை விட்டுவிடலாம்.

சேர்த்து வைத்துக் கொடுப்பது

சட்டப்படியான ஆண்டு போனஸ் குறைந்தது 8.33%, அதிகபட்சம் 20%. அது உரிமை, அதை ஊக்கத்தொகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். யாரும் அதற்காக வேகமாகத் தைக்கப் போவதில்லை. பிப்ரவரியில் போகலாமா என்று யோசிப்பவரைக்கூட அது நிறுத்தாது. ஆகஸ்டில் யோசிப்பவரை மட்டும் தீபாவளி வரை நிறுத்தும். போனஸ் வாங்கிய கையோடு ஊருக்குப் போனவர் திரும்பி வருவாரா என்பதைத்தான் ஒவ்வொரு கம்பெனியும் நவம்பரில் எண்ணிக்கொண்டிருக்கிறது. கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் தொகையையும் தீபாவளியிலேயே கொட்டினால் அந்தக் கும்பல் வெளியேற்றத்துக்கு நீங்களே தேதி குறித்த மாதிரி.

இதன் மோசமான வடிவம் நம் ஊரிலேயே நடந்தது. மேற்குத் தமிழக நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், இளம் பெண்களுக்கு மாதம் சிறு தொகை கொடுத்து, மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகத் திருமணத்துக்குப் பணம் என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் போனவர்கள் சம்பாதித்ததையே இழந்தார்கள். அது கொத்தடிமை முறைக்கு ஒப்பானது என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எதிர்ப்பு வந்தது, பையர்கள் கேள்வி கேட்டார்கள். உழைத்த கூலியைப் பிடித்து வைத்து ஆளை நிறுத்துவது எந்தப் பெயரில் வந்தாலும் இந்த வகைதான். நிலுவையில் ஒரு வாரச் சம்பளத்தை வைத்திருப்பதும் அதே இனம்.

சேவைப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் சிறிதாக, அடிக்கடி, ஏற்கெனவே முடித்த காலத்துக்குக் கொடுங்கள். சேர்ந்த 30ஆம் நாள் ஒரு தொகை, 90ஆம் நாள் ஒரு தொகை, ஒரு வருடத்தில் ஷிப்ட் சம்பளத்தில் நிரந்தரமாகப் பத்து ரூபாய். ஆள் கொட்டுவது முதல் மூன்று மாதத்தில் என்பதால் பணமும் அங்கே விழ வேண்டும். ஆள் சேர்த்துவிட்டவருக்குக் கொடுப்பதையும் வந்த அன்று கொடுக்காமல் பாதியை 90ஆம் நாளுக்கு வையுங்கள். அவரே புது ஆளைப் பார்த்துக்கொள்வார்.

திறன் படி

நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். ஒரு டெய்லர் ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கிள் நீடில் மூன்றிலும் 70% வேகம் காட்டினால், ஒவ்வொரு கூடுதல் மெஷினுக்கும் ஷிப்டுக்கு ரூ.15. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரச் சோதனை. அது இன்சென்டிவ் போல் ஏறி இறங்காது, சம்பளச் சீட்டில் நிலையாக நிற்கும். வீட்டு வாடகை கணக்குப் போடுபவருக்கு ஏறி இறங்கும் ஆயிரத்தைவிட நிலையான ஐந்நூறு பெரிது.

யூனிட்டுக்கு என்ன லாபம்? திங்கட்கிழமை மூன்று பேர் வரவில்லை என்றால் லைன் நிற்காது. இருபது பேர் லைனில் ஐந்து பேராவது மூன்று மெஷின் தெரிந்தவராக இருந்தால் போதும், எல்லோருக்கும் தேவையில்லை. பயிற்சி கொடுத்தால் பக்கத்துக்காரன் இழுத்துப் போய்விடுவான் என்பது உண்மையான பயம்தான். சிலர் போவார்கள். ஆனால் படி கொடுக்காமல் மூன்று மெஷினிலும் ஓட்டினால் போவது நிச்சயம்.

பணம் அல்லாதவை

ஃபோர்டு 1913இல் ஏறத்தாழ பதினான்காயிரம் பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரே வருடத்தில் ஐம்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவரை வேலைக்கு எடுத்தது. வெளியேற்றம் 370%. 1914 ஜனவரியில் நாள் வருமானத்தை ஐந்து டாலர் ஆக்கி, ஒன்பது மணி நேரத்தை எட்டாகக் குறைத்தது. 1915இல் வெளியேற்றம் 16%. சம்பளத்தை இரட்டிப்பாக்கினால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்பதற்கு இது ஆதாரம். உங்களால் இரட்டிப்பாக்க முடியாது, ஆகவே மற்ற வழிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெங்களூருவின் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்கு வேலை நேரத்திலேயே பேச்சு, நேர நிர்வாகம், சிக்கல் தீர்ப்பது போன்றவற்றில் 80 மணி நேரம் அளவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்ததில், பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் 13.5% கூடுதலாக இருந்தது. சம்பளம் அரை சதவீதம்தான் ஏறியது. முதலாளிக்குக் கொள்ளை லாபம். தொழிலாளி பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த அரை சதவீதம் உறுத்தத்தான் செய்கிறது.

எங்களுக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு ஆய்வு. எதிர்பார்த்ததைவிடச் சம்பள உயர்வு குறைந்துபோன சமயத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் இந்தியத் தையல் தொழிலாளர்களில் குலுக்கிப் பொறுக்கிய ஒரு பகுதியினரிடம் மட்டும் பெயர் கேட்காமல் வேலை, சூப்பர்வைசர், சம்பளம் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விடுவதும் லீவு போடுவதும் குறைந்தது, அதிக ஏமாற்றம் அடைந்தவர்களிடம்தான் அதிகமாகக் குறைந்தது. செலவு ஒரு தாளும் பத்து நிமிடமும். ஆனால் பெயர் வெளியே தெரிந்துவிடும் யூனிட்டில் இதைச் செய்யாதீர்கள். கையெழுத்தைப் பார்த்து யார் என்று கண்டுபிடிக்கும் மேனேஜர் இருந்தால் கேட்காமல் இருப்பதே மேல்.

மற்றது சூப்பர்வைசர். நல்ல டெய்லரை சூப்பர்வைசர் ஆக்குவது வழக்கம். தையல் தெரிந்தவருக்குப் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 90 நாளுக்குள் போனவர் எண்ணிக்கையை லைன் வாரியாக எழுதிப் பாருங்கள். இரண்டு லைன் மட்டும் தனித்துத் தெரிந்தால் அங்கே இன்சென்டிவ் போடுவது வீண். சூப்பர்வைசரின் சொந்த இன்சென்டிவில் பாதியை உற்பத்திக்கும் பாதியைப் புது ஆள் நிற்பதற்கும் வையுங்கள். உற்பத்திக்கு மட்டும் வைத்தால் மெதுவான புது ஆளை அவரே விரட்டிவிடுவார்.

வேலை இல்லாத நாள் இன்னொரு ஓட்டை. துணி வரவில்லை, போய்விட்டு நாளைக்கு வாருங்கள் என்று காலை பத்து மணிக்குத் திருப்பி அனுப்பும் யூனிட்டில் எந்த இன்சென்டிவும் நிற்காது. அன்று பக்கத்து கம்பெனிக்குப் போய் ஒரு ஷிப்ட் பார்த்தவர் அங்கேயே இருந்துவிடுவார். மாதம் இத்தனை ஷிப்ட் வேலை இல்லாவிட்டாலும் சம்பளம் உண்டு என்ற உறுதி, அதே பணத்தில் போடும் இன்சென்டிவைவிட ஆளை நிறுத்தும்.

வடமாநிலத் தொழிலாளர்கள் ஹாஸ்டலில் இருக்கும் யூனிட்டில் கணக்கே வேறு. அவர்கள் ஊர்க்காரர்களோடு கூட்டாக வருகிறார்கள், கூட்டாகவே போகிறார்கள். ஒருவருக்கு ஒன்று என்றால் பத்துப் பேரும் கிளம்புவார்கள். ஹோலி, சத் பூஜைக்கு ஊர் போவதைத் தடுக்க முடியாது, திரும்பி வருவதைத்தான் கவனிக்க வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. லீவை 70 நாளுக்கு முன்பே எழுத்தில் உறுதி செய்து, போக, வர அந்தந்தத் தேதிக்கு முன்பதிவு திறக்கும் அன்று ஆபீஸிலேயே டிக்கெட் போட்டுக் கொடுங்கள். திரும்பும் டிக்கெட்டின் காசு கம்பெனியுடையது. ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், எந்தப் போனஸும் இந்த வேலையைச் செய்யாது.

எதை எந்த வரிசையில்

ஸ்டைல் அடிக்கடி மாறும், நூறு பேர் அளவுள்ள ஏற்றுமதி யூனிட்டுக்கு எங்கள் தேர்வு: ஷிப்ட் சம்பளம் ஊர் அளவுக்குச் சமமாக, அதன் மேல் லைன் இன்சென்டிவ், ஐந்தில் ஒருவருக்குத் திறன் படி, வார வருகைப் பணம் சிறிதாக, 30ஆம் நாள் 90ஆம் நாள் தொகை. நீண்ட ஆர்டர் ஓடும் உள்நாட்டு யூனிட் என்றால் தனியாள் இன்சென்டிவோ பீஸ் ரேட்டோ, கட்டு வரிசை விதியோடு. பேக்கிங், அயர்னிங் பகுதிக்கு எப்போதும் குழுக் கணக்கு. கட்டிங் மாஸ்டர், மெர்ச்சண்டைசர், குவாலிட்டி ஆட்களுக்குப் பீஸ் எண்ணிக்கையில் எதையும் கட்டாதீர்கள். குவாலிட்டிக்காரருக்கு உற்பத்தி இன்சென்டிவ் கொடுத்தால் பாஸ் ஆகாத பீஸே இருக்காது.

தொடங்கும் முன் நான்கு வாரம் வெறுமனே அளக்க வேண்டும்: லைன் வாரியாக எஃபிஷியன்சி, நூறு பீஸுக்குக் குறை, சும்மா நின்ற நிமிடம், வராதவர், போனவர். பிறகு ஒரே ஒரு லைனில் எட்டு வாரம் ஓட்டுங்கள், அதே மாதிரி வேலை போகும் இன்னொரு லைனைப் பழையபடி விட்டு ஒப்பிடுங்கள். கணக்கு முறை அரைப் பக்கத் தமிழில் லைன் தலைமாட்டில் தொங்க வேண்டும். வடமாநிலத்தவர் இருந்தால் இந்தியிலும் ஒடியாவிலும். முந்தின நாள் எஃபிஷியன்சியும் ஆளுக்கு விழுந்த ரூபாயும் மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் போர்டில் வர வேண்டும். பணம் அந்த வாரச் சனிக்கிழமைச் சம்பளத்தோடு, தனி வரியாக. மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் எந்த நாள் உழைப்புக்கு எந்தக் காசு என்று யாருக்கும் தெரியாது.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் சோதனையைத் தொடங்காதீர்கள். அந்தச் சமயத்தில் போனஸை எதிர்பார்த்து எல்லோரும் நிற்பார்கள், எந்தத் திட்டமும் வெற்றி மாதிரித் தெரியும். பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பி லைன் செட்டான பிப்ரவரி நடுவில் தொடங்கினால், ஏப்ரலில் கையில் இருக்கும் எண்களை நம்பலாம்.